ராஜா பென்குயினுக்குப் பேரரசன் குஞ்சு: ஒரு பிரிண்டில் போன 97 ஆயிரம்

திருப்பூரில் பனியன் பிரிண்டிங் ஜாப் ஒர்க் செய்கிறவன் எதில் அடி வாங்குவான் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள். கலர் தப்பும், க்யூரிங் பத்தாமல் வாஷில் உரியும், பிளேஸ்மென்ட் அரை இஞ்ச் இறங்கும். எனக்கு அடி விழுந்தது ஒரு பறவையால். கிங் பென்குயினை வரைந்து, கீழே எம்பரர் பென்குயின் என்று எழுதி, 1,860 பேனல் (தைக்கும் முன் வெட்டி வைத்த துணி) அச்சடித்து முடித்த பிறகுதான் ரெண்டும் வேறே என்று தெரிந்தது. அச்சுக்கு முன்னால் யாராவது ஒருத்தர் "ஏனுங், காதோரம் பாத்தீங்களா?" என்று கேட்டிருந்தால் போதும், தப்பித்திருப்பேன். கேட்க ஆளில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். பனியன் என்றில்லை, பள்ளிக் கண்காட்சிக்கு பிளெக்ஸ் அடிக்கிறவர்களும் குழந்தைப் புத்தகத்துக்குப் படம் போடுகிறவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

ஆர்டர் இதுதான்: வெளிநாட்டில் ஒரு மியூசியத்துக்குள் இருக்கும் கடைக்குப் போகிற குழந்தைகள் டீசர்ட், 2,400 பீஸ், 2 வயதிலிருந்து 8 வயது சைஸ் வரை, நேவி சிங்கிள் ஜெர்சி. நெஞ்சில் ஒரு பெரிய பென்குயின், அதன் காலடியில் குஞ்சு, பின்னால் பனிக்கட்டி, அடியில் ஆங்கிலத்தில் எம்பரர் பென்குயின். பையர் அனுப்பியது வெறும் பென்சில் ஸ்கெட்ச். ஆர்ட் ஒர்க் நம்ம பொறுப்பு. எங்கள் ஆர்டிஸ்ட் பையன் இலவசப் படத் தளத்திலிருந்து ரெண்டு போட்டோ எடுத்து ட்ரேஸ் செய்தான். ரெண்டுக்கும் கீழே எம்பரர் என்றுதான் போட்டிருந்தது. ஒன்று நிஜம், இன்னொன்று கிங். ஸ்ட்ரைக் ஆஃப், அதாவது மாதிரி அச்சு, போனது, கலரும் ஹேண்ட் ஃபீலும் ஓகே என்று மெயில் வந்தது, ஷிப்மென்ட் தேதி நெருக்கியதால் பல்க் ஓட்டிவிட்டோம். மூன்றாம் நாள் மதியம், பையருக்கும் நமக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் பொண்ணு போன் பண்ணியது.

"அண்ணா, பிரிண்டிங்க நிறுத்துங்ணா. அது எம்பரர் இல்லியாமா, கிங்காமா. ஆனா குஞ்சு மட்டும் எம்பரர் குஞ்சாமா."

"ஏனம்மிணி, ரெண்டும் பென்குயின் தானே?"

"நானும் அதையேதானுங்ணா கேட்டேன். அடுத்த வீட்டுக் கொழந்தையத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்குதுன்னு எழுதியிருக்காங்க."

முதலில் கோபம்தான் வந்தது. டீசர்ட் போடப்போவது நாலு வயசுக் குழந்தை, அதற்கு எதுக்கு இத்தனை அக்கப்போர் என்று. ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பெருவிடைச் சேவலைக் காட்டி சிறுவிடை என்று ஒருத்தன் சொன்னால் நம்ம ஊர்ச் சந்தையில் விடுவார்களா? அந்த ஊர்க்காரனுக்கு இது அப்படி. சரியாகச் சொன்னால் இன்னும் பொருந்துகிறது: எம்பரர் பெருவிடை, கிங் சிறுவிடை. ஒரே பேரினத்தின் ரெண்டு பிள்ளைகள். தமிழில் பேரரசப் பென்குயின், அரச பென்குயின் என்கிறோம். எனக்கு ஒரே ஆறுதல், விஞ்ஞானிகளே நேரம் எடுத்துக்கொண்டது. கிங்குக்கு மில்லர் பேர் வைத்தது 1778-இல். எம்பரரைத் தனி இனமாக்கி கிரே பேர் வைத்தது 1844-இல். நடுவில் 66 வருஷம்.

காசுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பேனல் ஒன்றுக்குத் துணியும் கட்டிங்கும் சேர்த்து 38 ரூபாய் டெபிட் போட்டார்கள், அதாவது என் பில்லில் பிடித்தார்கள், அது 70,680. எனக்கு அடக்கமான செலவு, மை, கூலி, கரண்ட் எல்லாம் சேர்த்துப் பேனலுக்கு 11 ரூபாய், அது 20,460. புதிதாக 7 ஸ்கிரீன், பிலிமோடு 850 வீதம் 5,950. மொத்தம் 97,090. நாள் கணக்கில் 11 நாள், அதில் ரெண்டு ஞாயிறு. எழுத்தை மட்டும் கிங் என்று மாற்றி மிச்சத்தை ஓட்டலாமா என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது, ஏனென்றால் குஞ்சு எம்பரர். குஞ்சை மறைத்து ஒரு பேட்ச் அடிக்கலாமா என்றேன். அதுவும் முடியாது, ஏனென்றால் பின்னால் பனிக்கட்டி, அது கிங்கின் இடமில்லை. தைத்து உள்ளூர்ச் சந்தையான காதர்பேட்டையில் விற்கலாம் என்று பக்கத்துப் பட்டறைக்காரர் யோசனை சொன்னார். டிசைன் பையருடையது, வெளியே போனால் அடுத்த ஆர்டரும் போகும். கடைசியில் பனியன் வேஸ்டாக எடைக்குப் போட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரெண்டையும் பிரிக்க ஆயிரம் வழி சொல்வார்கள், அச்சடிக்கிறவனுக்கு உதவுவது ஒன்றே ஒன்று: காதோரம் இருக்கிற திட்டு மூடியிருக்கிறதா, ஒழுகுகிறதா. கிங்குக்குத் தலையின் ரெண்டு பக்கமும் கரண்டி வடிவில், நல்ல கெட்டி ஆரஞ்சில் ஒரு திட்டு இருக்கும். அதைச் சுற்றி கறுப்பு வரம்பு கட்டினது மாதிரி நிற்கும், விளிம்பு கத்தியால் வெட்டினாப்பில் இருக்கும். எம்பரருக்கு அந்தத் திட்டு வெளிறின மஞ்சள், கீழ்ப்பக்கம் வரம்பே இல்லை. கழுத்தோரம் அப்படியே இறங்கி, நெஞ்சு வெள்ளையில் பால் ஊற்றினது போலக் கரைந்துவிடும். நெஞ்சில் மஞ்சள் கரைவது ரெண்டுக்கும் உண்டு, கிங்குக்கு ஆரஞ்சாகத் தொடங்கி வெள்ளையாகும். அதனால் நெஞ்சைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காதைப் பாருங்கள்.

அடுத்து அலகு. கிங்கின் அலகு தலைக்கு நீளம், ஒல்லி, கீழ் அலகில் ஆரஞ்சுப் பட்டை பளிச்சென்று தெரியும். எம்பரரின் அலகு தலைக்குச் சின்னது, நுனி கீழ்நோக்கி வளையும், பட்டை ரோஸ், ஆரஞ்சு, ஊதா கலந்த ரோஸ் என்று ஆளுக்கு ஆள் மாறும். உடம்பில் எம்பரர் பீப்பாய், கிங் சுரைக்குடுவை. கிங்கின் துடுப்பு உடம்புக்கு நீளமாகத் தெரியும். எடையில்தான் பெரிய வித்தியாசம். எம்பரர் 22-இலிருந்து 45 கிலோ வரை போகும், அதாவது ஒரு அரிசிச் சிப்பத்திலிருந்து கிட்டத்தட்ட ரெண்டு சிப்பம். கிங் பெரும்பாலும் 10 முதல் 16 கிலோ, அரைச் சிப்பம். உயரம் எம்பரர் நாலடியைத் தொடும், கிங் மூன்றடி. ஆனால் படத்தில் ஒன்று தனியாக நிற்கும்போது உயரத்தை எதை வைத்து அளப்பது? அதனால் உயரமும் எடையும் டேக்கில் எழுதத்தான் உதவும், போட்டோ பார்க்க உதவாது.

கலரை நம்பாதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். போட்டோ எடுத்தவர் சாச்சுரேஷனைக் கொஞ்சம் ஏற்றினால் எம்பரரின் மஞ்சள் ஆரஞ்சாகிவிடும். வயது வராத கிங்குக்குத் திட்டே ஆரஞ்சாக இருக்காது, வெளிறின மஞ்சளாகத்தான் இருக்கும், அலகுப் பட்டையும் மங்கல். கலரை மட்டும் பார்த்தால் அதை எம்பரர் என்றுதான் சொல்வீர்கள். விளிம்பு மட்டும் பொய் சொல்லாது. முதுகு நிறத்தில் எங்களுக்கு இன்னொரு சிக்கல் வந்தது. எம்பரரின் முதுகு கருநீலச் சாயல் ஓடும் இருட்டுச் சாம்பல், கிங்கின் முதுகு வெள்ளி போல வெளிர் சாம்பல். நேவித் துணியில் இருட்டு முதுகை அடித்தால் துணியோடு கலந்து பறவையே காணாமல் போகும். ஆர்டிஸ்ட் என்ன செய்வான்? சாம்பலை வெளிறாக்குவான். வெளிறாக்கினால் கிங். இதற்கு வழி, முதுகை இருட்டாகவே விட்டுவிட்டு சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக வெளிர் நீலக் கோடு ஓட்டுவது. மறு அச்சில் அப்படித்தான் செய்தோம்.

குஞ்சில்தான் மானம் போனது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உலகத்தில் எல்லோருக்கும் பிடித்த பென்குயின் குஞ்சு எம்பரர் குஞ்சுதான்: வெள்ளிச் சாம்பல் பஞ்சு உடம்பு, கறுப்புத் தலை, கண்ணைச் சுற்றிப் பெரிய வெள்ளை முகமூடி. பொம்மைக்காரர்கள் அத்தனை பேரும் இதைத்தான் செய்கிறார்கள். கிங் குஞ்சு அப்படியில்லை. முழுக்க காப்பிக்கொட்டை நிறத்தில், கம்பளிக் கோட்டு போட்டது மாதிரி மொத்தையாக நிற்கும். பார்த்தால் தாய்க்கும் அதற்கும் சம்பந்தமே தெரியாது. பழைய காலக் கடலோடிகள் இதைக் கம்பளிப் பென்குயின் என்று தனி ஜாதியாகவே நினைத்துவிட்டார்கள். நம்ம ஆளுக்கு இதில் ஆச்சரியம் வேண்டாம். காங்கேயம் கன்னு செவலையாகப் பிறந்து ஆறு மாசத்தில் சாம்பல் திரும்புவதைப் பார்த்தவர்கள்தானே நாம். ஆர்டிஸ்டுகள் அழகு கருதி கிங் தாய்க்கு எம்பரர் குஞ்சை ஒட்டிவிடுகிறார்கள், எங்கள் பையன் செய்ததும் அதுதான். இன்னொன்றும் கவனியுங்கள். கிங் குஞ்சு குளிர்காலம் வருமுன்னே தாய் அளவுக்குப் பெருத்துவிடும். உயரமான பழுப்புக் குஞ்சைப் பார்த்து அளவு தப்பு என்று சுருக்கிவிடாதீர்கள். அது சரிதான்.

பின்னணிக்கு வருவோம். எம்பரர் அண்டார்டிகாவில், பெரும்பாலும் உறைந்த கடல் மேலேயே, அதுவும் கடுங்குளிரில் முட்டை வைக்கும். மே, ஜூன் வாக்கில் பெட்டை ஒரே ஒரு முட்டை வைத்து, அதைச் சேவலின் கால்மேல் தள்ளிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். முட்டை ஏறக்குறைய 450 கிராம், நம்ம நாட்டுக்கோழி முட்டை பத்துக்குச் சமம். கூடு கிடையாது. அடை காப்பது முழுக்கச் சேவல், ஏறக்குறைய 65 நாள், காலுக்கும் வயிற்று மடிப்புக்கும் நடுவில் வைத்துக்கொண்டு. ஜோடி சேர வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் நாலு மாசத்தை ஒட்டிப் பட்டினி. அதனால் கால்மேல் முட்டை வைத்த எம்பரரைப் போட்டு அம்மா என்று எழுதினால் தப்பு, அப்பா என்று எழுதுங்கள். கிங் இருப்பது அண்டார்டிகாவுக்கு வடக்கே உள்ள தீவுகளில்: சவுத் ஜார்ஜியா, பாக்லாந்து, குரோசே, கெர்கெலென், மெக்குவாரி. கூழாங்கல் கரை, சேறு, பச்சைப் புல் மேடு, பக்கத்திலேயே யானைச் சீல் படுத்திருக்கும். முட்டை 300 கிராம், 54 நாள் வரை அடை, தாயும் தகப்பனும் மாற்றி மாற்றி. குஞ்சு கடலுக்குப் போக ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும், மொத்தச் சுற்று 14 முதல் 16 மாசம். அதனால் மூன்று வருஷத்தில் ரெண்டு குஞ்சு எடுத்தாலே பெரிய விஷயம்.

கூட்டமாக வரையும்போதும் வித்தியாசம் உண்டு. எம்பரர் சேவல்கள் குளிருக்கு ஒன்றோடொன்று ஒட்டி, இடம் மாறி மாறி நிற்கும், ஒட்டுக்கா ஒரே கறுப்புத் திட்டாக. வளர்ந்த கிங்குகள் அப்படி ஒட்டாது. கொத்தினால் எட்டுகிற தூரம் விட்டு, நாற்று நட்டது போல இடைவெளியோடு நிற்கும். கிட்ட வந்தால் கொத்து விழும்.

படம் இறக்கும் தளத்தில் தலைப்பை நம்பாமல், போட்டோ எடுத்த இடம் எது என்று தேடுங்கள். சவுத் ஜார்ஜியா, சாலிஸ்பரி பிளெயின், செயின்ட் ஆண்ட்ரூஸ் பே, வாலண்டியர் பாயின்ட், மெக்குவாரி என்று இருந்தால் கிங். ஸ்னோ ஹில், கேப் குரோசியர், ராஸ் கடல், வெடல் கடல் என்று இருந்தால் எம்பரர். குரோசே தீவும் கேப் குரோசியரும் வேறே வேறே, அதில் குழம்பாதீர்கள். பனி விழுந்து கிடப்பதை மட்டும் பார்த்து எம்பரர் என்று முடிவு கட்டாதீர்கள், சவுத் ஜார்ஜியாவிலும் பனி விழும். ஆனால் பச்சைப் புல் தெரிந்தால் அது எம்பரர் கூட்டம் இல்லை. எங்கள் சூப்பர்வைசர் "மும்பையில நேர்லயே பாத்திருக்கேனுங்" என்று சாட்சி சொல்ல வந்தார். பைகுல்லா மிருகக்காட்சி சாலையில் இருப்பது ஹம்போல்ட் பென்குயின், பெரு, சிலி கடற்கரைப் பறவை, இந்த ரெண்டில் எதுவுமில்லை. பனிக்கரடியைப் பக்கத்தில் நிறுத்தும் டிசைனும் வருகிறது. கரடி வடதுருவம், அதைத் தொடவே தொடாதீர்கள்.

பையர் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடித்தார் என்பது டேக்கைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கடல் பனி உருகுவதால் இந்தப் பறவைக்கு ஆபத்து என்று அதில் ஒரு வரி இருந்தது. எம்பரர் குஞ்சுக்குத் தண்ணீர் புகாத இறகு முளைப்பதற்கு முன்னால் காலடிப் பனி உடைந்தால் குஞ்சு முழுகிவிடும். 2022-இல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் இருக்கும் ஐந்து கூட்டங்களில் நாலில் அப்படித்தான் பனி முன்கூட்டியே உடைந்து, ஒரு குஞ்சும் தப்பியிருக்காது என்று செயற்கைக்கோள் படத்தை வைத்துச் சொன்னார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில், பனிமேல் முட்டையே வைக்காத கிங்கின் படத்தைப் போட்டால் டேக்கே பொய்யாகிறது. இது தெரிந்த பிறகு டெபிட் நோட்டை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

மறு அச்சு ஓட்டும்போது இன்னொரு கண்டம் காத்திருந்தது. ஆர்ட் ஒர்க் சரி, எம்பரர்தான், மஞ்சள் கரைகிறது. ஸ்ட்ரைக் ஆஃப் எடுத்துப் பார்த்தால் துணியில் கிங் நிற்கிறது! லூப்பை (பூதக்கண்ணாடி) வைத்து ஸ்கிரீனைப் பார்த்தேன். நிறம் கரைவதைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகத்தான் அச்சடிப்போம், அதுதான் ஹாஃப்டோன். மஞ்சள் கரையும் இடத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற புள்ளிகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை, எல்லாம் அடைத்துக் கிடக்கின்றன. புள்ளி எங்கே நின்றதோ அங்கே சட்டென்று ஒரு விளிம்பு. அந்த விளிம்புதான் எம்பரரைக் கிங் ஆக்குகிறது. காரணம் ரெண்டு. எக்ஸ்போசிங் நேரம் கூடினால் ஒளி பிலிமுக்கு அடியில் கசிந்து சின்னப் புள்ளியை மூடிவிடும். மெஷ், அதாவது ஸ்கிரீன் வலை, பெருவெட்டாக இருந்தால் சின்னப் புள்ளி நூல் மேலேயே விழுந்து போகும். ஹாஃப்டோன் லைனைப் (இஞ்சுக்கு எத்தனை புள்ளி வரிசை) போல நாலைந்து மடங்கு மெஷ் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 45 லைன் போட்டால் இஞ்சுக்கு 225 நூல், நம்ம சென்டிமீட்டர் கணக்கில் 90 மெஷ். நாங்கள் வழக்கமான பிளெயின் கலருக்கு வைத்திருந்த பெருவெட்டு மெஷ்ஷிலேயே மஞ்சளையும் போட்டிருந்தோம். மெஷ்ஷை மாற்றி, எக்ஸ்போசிங் நேரத்தைப் படிப்படியாகக் குறைத்து டெஸ்ட் பட்டை அடித்துப் பார்த்து நேரத்தை முடிவு செய்தோம். கலருக்கு அடியில் முதலில் அடிக்கிற வெள்ளை, அதாவது அண்டர்பேஸ், மஞ்சள் தாண்டி நெஞ்சு முழுக்கப் பரவியிருக்க வேண்டும், மஞ்சள் அதன்மேல் கரைய வேண்டும். அண்டர்பேஸையும் மஞ்சளோடு சேர்த்து நிறுத்தினால் நேவி எட்டிப் பார்த்து அங்கேயும் ஒரு கோடு விழும். எம்ப்ராய்டரி ஆர்டரென்றால் பேசாமல் கிங்கையே கேளுங்கள், நூலில் அந்தக் கரைசல் வருவது கஷ்டம். கிங்கின் திட்டு வரம்பு கட்டியது, ஊசிக்கு லேசு.

மெயில் விஷயத்தில் இப்போது நான் செய்வது: கலர் அப்ரூவலோடு இனத்துக்கும் தனியாக ஒரு அப்ரூவல் கேட்கிறேன். படத்தில் இருக்கும் ஒவ்வொரு உயிருக்கும், குஞ்சுக்கும் சேர்த்து, லத்தீன் பேரை எழுதி இது சரிதானா என்று ஒரு வரி. எம்பரர் என்றால் அப்டெனோடைட்டஸ் ஃபார்ஸ்டெரி, கிங் என்றால் அப்டெனோடைட்டஸ் படகோனிகஸ். எந்தப் போட்டோவைப் பார்த்து வரைந்தோம், அது எங்கே எடுத்தது என்பதையும் கூடவே வைக்கிறேன். "ஓகே" என்று மட்டும் பதில் வந்தால் எதற்கு ஓகே என்று திரும்பக் கேட்கிறேன். என் 70,680-இல் சண்டை போட முடியாமல் போனது இங்கேதான். அவர்கள் மெயிலில் கலர், ஹேண்ட் ஃபீல் என்று மட்டும் எழுதியிருந்தது. டெபிட்டை ஒரே பில்லில் கழிக்காமல் மூன்று பில்லில் பிரித்துக் கழிக்கச் சொல்லி மெர்ச்சண்டைசர் பொண்ணு பேசிக் கொடுத்தது, இல்லாவிட்டால் அந்த மாசச் சம்பளம் தடுமாறியிருக்கும்.

போன வாரம் அதே பையரிடமிருந்து ஹூடி ஒன்றுக்கு என்கொயரி வந்திருக்கிறது. இந்த முறை ஜென்டூவும் சின்ஸ்ட்ராப்பும் பக்கத்தில் பக்கத்தில். ஜென்டூவுக்கு ரெண்டு கண்ணுக்கு மேலேயும் வெள்ளைத் திட்டு, அது உச்சந்தலை வழியாகச் சேரும், அலகு ஆரஞ்சு. சின்ஸ்ட்ராப்புக்குத் தாடைக்கு அடியில் ஹெல்மெட் வார் மாதிரி ஒரு கறுப்புக் கோடு, அலகு கறுப்பு. குஞ்சும் வேண்டும் என்று ஸ்கெட்ச்சில் ஒரு உருண்டை போட்டு அனுப்பியிருக்கிறார்கள், எதன் குஞ்சு என்று எழுதவில்லை. கேட்டு மெயில் போட்டு நாலு நாளாகிறது. பதில் வரவில்லை, நானும் பிலிம் எடுக்கவில்லை.